நிலாவின் மூக்குப்பட்டை

குதிரையின் மூக்கைச் சுற்றிப் போகிற அந்தத் தோல்பட்டை, குதிரை மனிதனைக் கடிக்காமல் இருப்பதற்காகக் கட்டியது என்று நான் மனப்பூர்வமாக நம்பியிருந்தேன். சந்தேகம் வந்திருந்தால் யாரையாவது கேட்டிருப்பேன். எனக்குச் சந்தேகமே வரவில்லை. நாய்க்கு வாய்க்கூடு போடுகிறார்கள், குதிரைக்குப் பட்டை போடுகிறார்கள். குதிரை பெரிய இடத்துப் பிராணி என்பதால் பித்தளைக் கொக்கியெல்லாம் வைத்துச் செய்திருக்கிறார்கள் என்று நானே விளக்கமும் வைத்திருந்தேன்.

இதனால் கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலைக் குதிரை லாயத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாட்களில் நான் இரண்டு ஆளாக இருந்தேன். பட்டை கட்டியிருக்கும்போது மகா வீரன். குதிரையின் வாய்க்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு செல்லம் கொஞ்சுவேன். பட்டையைக் கழற்றியதும் தண்ணீர் வாளியைத் தூர நின்று கூட்டுகிற தும்புத்தடியால் தள்ளிவிடுவேன். என்னோடு வேலை செய்த ரமணி இதைப் பல நாள் பார்த்துவிட்டு, "ஏண்ணே, வாளிக்குக் கொரோனாவா?" என்று கேட்டாள்.

ஒரு காலையில் நிலா என்ற வெள்ளைப் பெண்குதிரைக்குச் சகல அலங்காரமும் கட்டி முடித்து, பட்டையையும் மாட்டி, நிம்மதியாக முதுகைக் காட்டி நின்றேன். நிலா என் தோளைக் கடித்தது. அவசரமே இல்லாமல், தேநீரோடு பணிஸ் கடிப்பது போல. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வளவு நாய்கள் குரைத்தன. ரமணி ஓடிவந்து, "என்னாச்சுண்ணே?" என்றாள்.

"பட்டை போட்டிருக்கேன்! பட்டை போட்டும் கடிக்குது!"

அவளுக்கு விஷயம் விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கிய பிறகு வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்து சிரித்தாள்.

அதே ரமணிதான் இப்போது அந்த லாயத்துக்குப் பொறுப்பு. நான் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன். போன மாதம் கைபேசியில் ஒரு படம் அனுப்பினாள். வெளிநாட்டுப் போட்டிகளில் மூக்குப்பட்டை எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்று அளந்து பார்க்க ஒரு சின்னக் கருவி வந்திருக்கிறதாம். ஆப்புப் போல ஒரு துண்டு. அதைப் பட்டைக்கும் மூக்கெலும்புக்கும் இடையில் விட்டுப் பார்க்க வேண்டும். போகாவிட்டால் குதிரையைப் போட்டியில் விடமாட்டார்கள். "புதுசா வந்தவங்க பட்டை எதுக்குன்னு கேக்குறாங்க. நீங்களே எழுதித் தாங்கண்ணே. நான் சொன்னா உங்க மானந்தான் போகும்" என்று கூடவே குரல்பதிவும் அனுப்பியிருந்தாள். மானம் என் கையிலேயே போகட்டும் என்று எழுதுகிறேன்.

நான் குதிரைக்காரர் பரம்பரையில் வந்தவன் இல்லை. முச்சக்கரவண்டி ஓட்டினேன். கண்டி டவுனிலிருந்து வெள்ளைக்காரரை ஏற்றி லாயத்துக்குக் கொண்டு போய் விடுவேன், அவர்கள் சவாரி முடியும்வரை வாசலில் நிற்பேன். நின்று நின்று உள்ளே போனேன், உள்ளே போனவன் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். சாணம் அள்ளினேன், குளம்பு சுரண்டப் பழகினேன், விழப் பழகினேன். சில வருடங்கள் இப்படியே போயின.

எங்கள் மேலாள் பாறூக் நானா. நானா என்றால் அவர்கள் வழக்கில் அண்ணன். கலகெதரைப் பக்கத்து ஆள், மெலிந்த உடம்பு, எந்நேரமும் இஸ்திரி போட்ட சட்டை. அவர் யாரையும் ஏசியதில்லை. அவர் வழி வேறு. உங்களிடம் பிழை கண்டால் உங்களைப் பார்க்கவே மாட்டார், நேராகக் குதிரையிடம் போய் முறையிடுவார். குதிரையின் காதருகே குனிந்து, நாங்கள் கேட்கும்படியாக, "நிலா, சேணத்துக்குக் கீழ துணி சுருண்டு ஈக்கி. சேவியருக்குச் சொல்லிப் பாரு. நான் சொன்னா அவருக்கு வெளங்குறல்ல" என்பார். ஈக்கி என்றால் இருக்கிறது, அவர்கள் பக்கத்துப் பேச்சு. சேவியர் நான்தான். நான் குதிரைக்குப் பின்னால் நின்றுகொண்டு, "விளங்குது நானா" என்றால், குதிரையைப் பார்த்தே, "அவரு என்னமோ சொல்றாரு போல" என்பார். நேராக நாலு வார்த்தை ஏசியிருந்தால் மறந்திருப்பேன்.

தோளில் கடி வாங்கிய பிறகு எனக்கு இந்தப் பட்டை ஒரு பைத்தியமாகவே ஆகிவிட்டது. கடிக்காமல் இருக்க இல்லை என்றால் வேறு எதற்கு? கண்டவரையெல்லாம் கேட்டேன். லாயத்தின் சொந்தக்காரியான மேடம், பட்டை இல்லாவிட்டால் குதிரையின் முகம் மொட்டையாகத் தெரியும் என்றார். ஒரு ஜெர்மன்காரி, குதிரை வாயைத் திறந்து கடிவாள இரும்பிலிருந்து தப்பாமல் இருக்க என்றாள். தலையை மேலே எறிகிற குதிரையானால் நெஞ்சுப்பட்டையிலிருந்து ஒரு வாரைக் கொண்டுவந்து இதில் மாட்டலாம் என்றார் இன்னொருவர். முற்காலத்தில் படைக்குதிரைகளைக் கட்டிவைக்க இதையே பயன்படுத்தினார்கள் என்று வேறொருவர் சொன்னார். இரும்பில் கயிறு கட்டினால் வாய் கிழிந்துவிடுமாம். ஒவ்வொரு பதிலும் சரியாகப் பட்டது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நானாவிடம் போனேன்.

அவர் நிலாவிடம் திரும்பினார். "இவரு முச்சக்கர வண்டிக்காரரு. ஒரு கம்பிய இழுத்தா ஒரு வேலதான் நடக்கும் எண்டு நினைக்கிறாரு. பட்டை என்ன செய்யும் எண்டு கேக்கிறாரு. கட்டுறவன் என்ன நினைச்சிக் கட்டுறானோ அதத்தான் செய்யும் எண்டு சொல்லு."

அது பதிலா இல்லையா என்று எனக்கு அன்று தெரியவில்லை.

ஆனால் அவர் கட்டுகிற முறை எனக்கு மனப்பாடம். முதலில் கன்னத்தெலும்பின் மேட்டைத் தடவிக் கண்டுபிடிப்பார். அதற்குக் கீழே இரண்டு விரல் அகலம் விட்டுப் பட்டை உட்கார வேண்டும். அதற்கும் கீழே இறங்கினால் மூக்கு மெத்தென்றிருக்கும், எலும்பு இருக்காது, மூச்சு அடைபடும். பிறகு வாருக்குள் சிக்கிய மயிரைத் தடவி நேராக்குவார். கொக்கியை மாட்டுவார். மாட்டியதும் முன்பக்கம் வந்து, மூக்கெலும்பின் மேல் பட்டைக்கு உள்ளே இரண்டு விரலை நுழைத்துப் பார்ப்பார். விரல் தாராளமாகப் போய்வர வேண்டும். அது முடிந்தால்தான் சேணத்தில் கை வைப்பார். குதிரை புதிதோ பழையதோ, மழையோ வெயிலோ, இந்த வரிசை மாறியதை நான் கண்டதில்லை.

அப்படிப்பட்டவர் முழங்கால் ஒப்பரேஷன் செய்துகொண்டு மகள் வீட்டில் படுத்துவிட்டார். மாதக்கணக்கில் வரவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் நிலா கெட்டது.

முதலில் வாயைத் திறக்கத் தொடங்கியது. கடிவாளத்தை இழுத்தால் நிற்காமல் வாயைக் கோணிக்கொண்டு இழுத்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் போகும். சவாரிக்கு வந்த ஒரு அம்மா முறைப்பாடு செய்தார். நாங்கள் பட்டையை ஒரு துளை இறுக்கினோம். கொஞ்ச நாள் நன்றாக இருந்தது. பிறகு தலையை எறிந்தது. இன்னொரு துளை. ஒரு முறைப்பாட்டுக்கு ஒரு துளை என்பது எங்கள் சட்டமாகிவிட்டது. துளைகள் தீர்ந்தபோது நான் ஆணியைச் சூடாக்கிப் புதிதாகப் போட்டேன். இரும்புக்குக் கீழே ஒரு சின்ன வாரையும் சேர்த்துக் கட்டினோம். அதன் பிறகு நிலா வாயைத் திறக்கவே இல்லை. நாங்கள் சந்தோஷப்பட்டோம். போட்டோவில் முகம் அத்தனை அழகாக விழுந்தது.

பிறகு ஒரு நாள் ஆற்றோரப் பாதையில், முதுகில் ஒரு வெள்ளைக்காரப் பையனோடு நிலா பறந்தது. மெயின் ரோட்டில் ஏறி, பஸ் நிறுத்தத்தில் நின்ற சனங்களைச் சிதறடித்து, ஒரு பஸ்ஸின் முகத்துக்கு நேரே போய் நின்றது. பையனுக்கு ஒன்றும் இல்லை, காலிலிருந்த ஒரு சப்பாத்துத்தான் கழன்று போயிற்று. நான் பின்னால் ஓடி வந்தேன் என்று சொல்லத்தான் ஆசை. நான் ஒரு முச்சக்கரவண்டியை மறித்து ஏறி வந்தேன்.

மேடம் அன்று மாலை எங்களைக் கூப்பிட்டார். கடற்கரைப் பக்கம் மணலில் சவாரி விடுகிற ஒருவர் வெகு நாளாக நிலாவை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். வரப்போகிற ஞாயிற்றுக்கிழமை கலகெதரையில் ஒரு கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை ஏற்றிப்போக வெள்ளைக் குதிரை தருவதாக மேடம் வாக்குக் கொடுத்திருந்தார். எங்களிடம் வெள்ளை நிலா மட்டும்தான். கல்யாணத்தில் ஒழுங்காக நடந்தால் நிலா இருக்கட்டும், அங்கேயும் குழப்பினால் திங்கட்கிழமை கடற்கரைக்காரர் வந்து ஏற்றிக்கொண்டு போவார் என்றார். நான் அந்த மணலைப் பார்த்திருக்கிறேன். கொதிக்கிற வெயிலில் வருகிறவன் போகிறவன் எல்லாம் ஏறி, கிடைத்த இரும்பை வாயில் போட்டு இழுப்பான். என் தோளில் அது கடித்த தழும்பு இன்னும் இருந்தது. அன்றைக்கு அதைத் தடவிக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் நானா கைத்தடியோடு வந்துவிட்டார். ரமணிதான் போன் பண்ணியிருக்கிறாள். அவர் நிலாவின் முகத்தைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"சரியாத்தான் கட்டியிருக்கோம் நானா" என்று நான் முந்திக்கொண்டேன். "ரெண்டு விரல் போகுது. பாருங்க." என்று தாடைக்கு அடியில் விரலை நுழைத்துக் காட்டினேன்.

"நிலா, இவருட ரெண்டு வெரலும் போகுதாம். எங்கால போகுது எண்டு கேளு. தாடைக்கு அடியில குழி ஈக்கி, அங்க யானையும் போகும். முன்னால எலும்பில விட்டுக் காட்டச் சொல்லு."

முன்னால் விட்டுப் பார்த்தேன். சுண்டுவிரல் நகம்கூடப் போகவில்லை. நாங்கள் எல்லாரும் அத்தனை நாளும் ஒழுங்காக அளந்துதான் இருந்தோம், அளக்கக் கூடாத இடத்தில். நானா அளந்த இடம் மனப்பாடமாக இருந்தும், இறுக்க இறுக்க விரல் போகிற பக்கமாக நாங்கள் நகர்ந்திருக்கிறோம்.

நானா சின்ன வாரைக் கழற்றச் சொன்னார். நிலாவை நடத்திப் பார்த்தார். அதன் பிறகு மூக்குப்பட்டையையே முழுதாகக் கழற்றச் சொன்னார். "அதைக் கழட்டினா இன்னும் மோசமா ஓடுமே நானா" என்றேன், லாயத்தின் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு.

"ஓடட்டும். என்னத்துக்கு ஓடுது எண்டு பாக்கணுமே. வாயக் கட்டி வெச்சா எப்பிடிச் சொல்லும்?"

இதை அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். நேராக என் முகத்தைப் பார்த்து. எனக்கு அதுவே பயமாக இருந்தது.

பட்டை போனதும் நிலா வாயைத் திறந்தது. இரும்பை இலேசாக இழுத்ததும் தாடையை ஒரு பக்கம் தள்ளி, நாக்கைப் பின்னுக்கு இழுத்து, அகலமாகத் திறந்தது. மாதக்கணக்காக நாங்கள் காணாத வாய். உள்ளே எச்சிலில் இலேசான சிவப்பு இருந்தது.

பேராதனையிலிருந்து மிருக வைத்தியர் வந்தார். யாழ்ப்பாணத்துப் பெண், சின்ன உருவம். குதிரையின் வாய் மூடாமலிருக்க இரும்புச் சட்டம் ஒன்றை மாட்டிவிட்டு, முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டார். டோர்ச் பிடிக்கிற வேலை எனக்கு வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு பிடித்தேன்.

"அண்ணை, என்ர காதுக்குள்ள வெளிச்சம் அடிக்கிறியள்" என்றார் அவர். "வாய்க்குள்ள அடியுங்கோ."

"மன்னிக்கணும் டொக்டர்."

"ஓம், இஞ்ச பாருங்கோ. மேல் கடைவாய்ப் பல்லு. வெளி விளிம்பு கத்தி மாதிரி வளர்ந்திருக்கு. கன்னத்தின்ர உள்பக்கம் வெட்டுப்பட்டுப் புண்ணாப் போச்சு. பட்டை எந்த இடத்தில அழுத்துது?"

நான் நிலாவின் கன்னத்தில் வெளியே கை வைத்துக் காட்டினேன். அவருடைய விரல் உள்ளே அதே இடத்தில் இருந்தது. இடையில் தோல் மட்டும்தான்.

"நீங்கள் இறுக்க இறுக்கக் கன்னம் பல்லில போய்த் தேயும். நோவுக்கு அது வாயைத் திறக்கும். திறக்குது எண்டு நீங்கள் இன்னும் இறுக்குவியள்" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். அரத்தால் பல்லைத் தேய்த்து மட்டமாக்கினார். அந்தச் சத்தத்தில் எனக்குத்தான் பல் கூசியது, நிலா பேசாமல் நின்றது. புண் ஆறும்வரைக்கும் வாயில் இரும்பு போடவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். இரும்பு இல்லாமல் மாப்பிள்ளை எதைப் பிடித்து ஓட்டுவார்?

நானா இரண்டு நாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு நிலாவின் மூக்குப்பட்டையைச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு கண்டி டவுனில் செருப்புத் தைக்கிற ஒருவரிடம் போனார். திரும்பி வந்தபோது பட்டையின் இரு பக்கமும் ஒவ்வொரு வளையம் இருந்தது, தாடைக்குக் கீழே கயிறு மாட்ட மூன்றாவது வளையம். கன்னத்தில் படுகிற இடங்களில் கம்பளி வைத்துத் தைத்திருந்தது. கடிவாளக் கயிறுகளை இரும்பில் கட்டாமல் இந்த வளையங்களில் கட்டினார். வலப்பக்கம் இழுத்தால் மூக்கு வலப்பக்கம் திரும்பும், மூக்கு போன பக்கம் குதிரை போகும். வாயை அடைக்கிறது என்று நாங்கள் நினைத்த பட்டை இப்போது சுக்கானாகிவிட்டது. நான் விரலை மூக்கெலும்பில் விட்டுப் பார்த்தேன். இரண்டும் தாராளமாகப் போயின.

ஒத்திகை நடந்தது. மாப்பிள்ளையாக நான். தலைப்பாகைக்குப் படுக்கைவிரிப்பு. ரமணி தகர டின்னை அடித்துக்கொண்டு முன்னால் போனாள்.

"மாப்பிள்ள, மூஞ்சியக் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வைங்க. பொண்ணு வீட்டுக்காரங்க பயந்துருவாங்க!"

"நான் சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்!"

"இதுவா சிரிப்பு? பல்லு புடுங்கப் போற மாதிரி இருக்கு."

நிலா டின் சத்தத்துக்குக் காதை ஆட்டியது, நின்றது, நடந்தது. வாயைத் திறந்து ஒரு தடவை கொட்டாவி விட்டது. நானா அதைப் பார்த்தார். தடியை ஊன்றிக்கொண்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை லொறியில் நிலாவை ஏற்றிக்கொண்டு கலகெதரைக்குப் போனோம். அந்த வளைவுகளில் நிலாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, நான்தான் லொறிக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தேன். மேடம் காரில் வந்து இறங்கினார். குதிரையைச் சுற்றி வந்தவர் முகத்தருகே நின்றார். இரும்பு எங்கே என்று கேட்டார். நானா இந்த முறையும் குதிரையிடம்தான் சொன்னார், சிங்களத்தில். "வாயில் புண் இருக்கிறது. புண்ணில் இரும்பு வைத்தால் ஓடுவாய், வைக்காவிட்டால் நிற்பாய் என்று மேடத்துக்குச் சொல்." மேடம் சிரிக்கவில்லை. "ஹரி" என்றார். ஆகட்டும் என்று அர்த்தம். குழப்பினால் நாளைக்குக் கடற்கரைக்காரர் வருவார் என்றும் அதற்குள் இருந்தது.

மாப்பிள்ளை துணிக்கடை முதலாளியின் மகன், நல்ல பிள்ளை, முகமெல்லாம் வியர்வை. கழுத்தில் மல்லிகையும் ரோஜாவும் கட்டிய தடித்த மாலை. நானா அவருக்கு ஒரே ஒரு பாடம் சொன்னார். "மகன், குதிர பயந்தா ரெண்டு கையாலயும் இழுக்காதீங்கொ. ஒரு பக்கம் மெதுவா இழுங்கொ, உடனே விடுங்கொ. திரும்ப இழுங்கொ, விடுங்கொ." நான் தாடைக்குக் கீழே உள்ள வளையத்தில் மாட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடக்க வேண்டும். நானா முழங்காலோடு பின்னால் வருவார்.

முன்னால் றபான் என்ற தட்டு மேளத்தை அடித்துக்கொண்டு போனார்கள். ஒன்றும் நடக்கவில்லை. பஸ் ஒன்று உரசுவது போல ஹோர்ன் அடித்துப் போனது. அப்போதும் ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு ஒரு தைரியம் வந்து, ரோட்டோரம் நின்ற சனத்தைப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டே நடந்தேன். மண்டபத்தின் கேட்டுக்கு முன்னால் சிவப்புப் பாய் விரித்திருந்தார்கள். கிட்டப் போனதும்தான் தெரிந்தது, அது பாய் இல்லை, சீன வெடி. மாப்பிள்ளையின் மச்சான்மார் அதன் முனையில் குந்தியிருந்தார்கள், கையில் நெருப்புப்பெட்டி. வெடி வேண்டாம் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தோம். கல்யாண வீட்டில் யார் யாருக்குச் சொன்னார்களோ.

வெடித்தது.

நிலா தலையைத் தூக்கியது மட்டும் எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்ததெல்லாம் அரிசி மூடைகள். நான் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருந்த ஒரு கடைக்குள், மூடைகளுக்குப் பின்னால் குந்தியிருந்தேன். எப்படி வந்தேன் என்று இன்றுவரை தெரியாது. கடைக்காரர் தராசுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன வேணும்?" என்றார். "ஒன்றுமில்லை, பார்க்கிறேன்" என்றேன். வெளியே புகை. என் மனதில் படம் ஓடியது. மாப்பிள்ளை பஸ் கூரையில் கிடக்கிறார், மாலை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். நிலா குருநாகல் ரோட்டில் பறக்கிறது. நாளைக்கு லொறி வருகிறது.

வெடி ஓய்ந்தது. சத்தம் எதுவும் இல்லை. பிறகு சனம் சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் மூடைகளுக்கு மேலால் தலையை நீட்டினேன்.

நிலா, நான் விட்ட இடத்திலிருந்து இரண்டு எட்டுப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. நான் பிடித்திருக்க வேண்டிய கயிறு நிலத்தில் கிடந்தது. மாப்பிள்ளை ஒரு பக்கம் மெதுவாக இழுப்பதும் விடுவதுமாக இருந்தார். நிலா கழுத்தை வளைத்து, அவருடைய மாலையின் ஒரு முனையை வாயில் எடுத்து, ஆற அமர மென்றுகொண்டிருந்தது. மேடம் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலையில் பாதி போயிற்று. மாப்பிள்ளை மீதிப் பாதியோடு மண்டபத்துக்குள் போனார். மேடம் அன்று பின்னேரமே கடற்கரைக்காரருக்குப் போன் பண்ணி வர வேண்டாம் என்றார். நிலா குண்டசாலையில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு அதன் வாயில் யாரும் இரும்பு போடவில்லை.